கதவுக்கு வெளியே நின்ற அப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பதினெட்டு வயதில் காதுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் பேசும் ஆட்கள் குடிவந்தார்கள். சோறு தூக்கம் மறந்து சுவரையே கவனித்துக்கொண்டிருந்தவரை அவருடைய அக்கா உடனே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். மனச்சிதைவு என்றார்கள். அன்று தொடங்கிய மாத்திரையை இருபத்தைந்து வருடமாக விடாமல் விழுங்குகிறார். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் அழுகிறவர்களைக் கதவிடுக்கு வழியே பேசியே சிரிக்கவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மகளுக்குப் பதினாறு ஆனதும், தன் வியாதி அவளுக்கும் வந்துவிடுமோ என்று அவர் பயப்படத் தொடங்கினார். எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து ஒற்றை வார்த்தை, மதியம்வரை தூக்கம், எந்நேரமும் சாத்திய அறைக்கதவு.

"வயசுப் பொண்ணு அப்படித்தான் இருப்பா. நான் எங்கம்மாகூட மூணு மாசம் பேசல," என்றாள் மனைவி.

அவர் கேட்பதாயில்லை. பூனைபோல் வந்து மகளின் அறைக் கதவில் காதை வைப்பார். ஒருநாள் உள்ளே தனியாகப் பேச்சு. தோழியிடம் போனில் பேசுகிறாள் என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. மறுநாளே தன் டாக்டரம்மாவிடம் போனார்.

"இந்த வயசுல மூளை வேண்டாத இணைப்புகளைக் கழிச்சுக்கிட்டே இருக்கும். சிலருக்கு அதுல ஏதோ பிசகுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க நெனைக்கிறாங்க. அப்பாவுக்கு இருந்தா, பத்துப் பிள்ளைல ஒண்ணுக்கு வரலாம், ஒம்போதுக்கு வராது. அவ கஞ்சா பக்கமே போகக் கூடாது. ஏதாவது மாறினா சீக்கிரம் வாங்க. ஆனா, கதவைச் சாத்துறது வியாதியில்லை! முதல்ல அவகிட்டப் பேசுங்க."

அன்று சாயங்காலம், பிரஷர் மாத்திரை என்று இத்தனை நாள் மறைத்தது உட்பட எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார்.

"அது பிரஷர் மாத்திரை இல்லைன்னு போன வருஷமே தெரியும்ப்பா. அட்டையில பேர் போட்டிருக்கே. நீங்க நிக்கிறதும் கதவுக்கடியில நிழலாத் தெரியும். என்னைச் சந்தேகப்படுறீங்கன்னுதான் தாழ்ப்பாளே போட்டேன்." பிறகு, "அந்தக் குரலெல்லாம் என்னப்பா சொல்லும்?" என்றாள்.

இத்தனை வருடத்தில் டாக்டரைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லை.

"நான் நடக்குறதைக் கிண்டல் பண்ணும்மா."

"அதை நாங்களும்தானே பண்றோம்!"

அவர் கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்.

இப்போது அவளுக்கு இருபது. போன மாதம் பரீட்சைக்காக இரண்டு இரவு விழித்தவள், தலைக்குள் ஒரே இரைச்சலாக இருக்கிறதென்று தானே அப்பாவைக் கூப்பிட்டாள். இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நல்லாத் தூங்கு, அடுத்த வாரம் வா," என்றார். அடுத்த வாரம் இரைச்சல் இல்லை.

"பயந்துட்டீங்களாப்பா?"

"கொஞ்சம்."

"நானும் கொஞ்சம். வாங்க, பசிக்குது."