பதில்கள் மட்டும் படித்தவன்

பத்தாவதோடு படிப்பை விட்டு, யான்பு, அல் ஐன் என்று வளைகுடா ஊர்களில் வேலைக்காக அலைந்தவன் நான். ஜெர்மனி போகும் ஆசையில் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். பேச்சுத் தேர்வில் இருவர் சேர்ந்து உரையாட வேண்டும். ரூமில் கூட இருந்த முருகேசன்தான் என் ஜோடி. சப்பாத்தி தேய்த்தபடியே ஜெர்மனில் பேசிப் பழகுவோம். கேள்விகளை அவன் மனப்பாடம் செய்தான், பதில்களை நான்.

தேர்வன்று அவன் எங்கள் வகுப்பில் படித்த ஒரு நர்ஸோடு ஜோடியாக நின்றான்.

“என்னடா இது?”

“கோச்சுக்காத மச்சான். உன்கூடப் போனா நானும் ஃபெயிலு. ஒரு மாசமா இவங்ககூடதான் பேசிப் பழகுறேன்.”

எனக்குக் கிடைத்த புது ஜோடி எங்கள் கேள்விகளைக் கேட்கவில்லை. என் பதில்கள் எதற்கும் பொருந்தவில்லை. தோற்றேன். முருகேசன் தேறி, ஜெர்மனி போய்விட்டான்.

மறுபடியும் படிக்கிறேன். கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிப் பழகுகிறேன். சப்பாத்தியும் எனக்கு மட்டும்தான் தேய்க்கிறேன்.