வாஞ்சூர் தாண்டிய சில்வியா

தலத்தெரு சில்வியா, காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மருந்துக் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலைக்கு நிற்கிறாள். சிரித்த முகம். வீட்டுக்குப் போனால்தான் அந்தச் சிரிப்பு காணாமல் போகும். காரணம் புருஷன் மரியசெல்வம். கெட்டிக்கார எலக்ட்ரீஷியன்தான், ஆனால் பொழுது சாய்ந்தால் பாட்டில்.

தவக்காலத்தில் மட்டும் தொடமாட்டான். அதென்ன அதிசயம், தெருவில் பாதி ஆம்பளைகள் அந்த நாற்பது நாளும் நல்லவர்கள்தான். ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு பழைய கதை தொடங்கிவிடும். இந்த வருஷமோ ஈஸ்டர் போய் ஆடியும் வந்துவிட்டது, மரியசெல்வம் வாயில் ஏலக்காய் வாசனை மட்டும்தான். குடி ஞாபகத்தை மறக்க மெல்லுகிறார் பாவம் என்று இவளே வாங்கிக் கொடுத்தாள். வேளாங்கண்ணிக்குத் தனியாக வண்டியோட்டிப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லி, பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்தும்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"தனியா எதுக்கு? பஸ்ல போயேன்" என்றான்.

என்ன கரிசனம்! இவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவன் பல் தேய்த்து வருவதற்குள் மெழுகுவர்த்திப் பையை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தமிழ்நாட்டு எல்லைக்குள் போகிற எந்தக் காரைக்கால்காரரையும்போல முதல் வேலையாக டேங்கை நிரப்பிக்கொண்டாள். இங்கே பெட்ரோலும் சரி, பாட்டிலும் சரி, விலை குறைவு. ஊர் தாண்டியதும் வயலும் தென்னையும் உப்புக்காற்றுமாக ரோடு விரிந்தது. மனசு துள்ளியது.

வாஞ்சூர் செக் போஸ்ட்டில் பாட்டில் கடத்தலுக்குச் சோதனை போடும் பெண் போலீஸ் கை காட்டினாள். "காரைக்கால் வண்டியா? சீட்டைத் தொறங்கக்கா."

"நல்லா பாருங்க. எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது" என்றாள் சில்வியா, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

ரெயின்கோட்டுக்கு அடியில் ஒரு பழைய துண்டு சுருட்டியிருந்தது. பிரித்தால் இரண்டு குவார்ட்டர். ஒன்றில் பாதிதான் மிச்சம். பக்கத்திலேயே இவள் வாங்கிக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலம்.

ஐயோ மாதாவே! பேய் அறைந்த மாதிரி நின்றாள். பின்னால் நின்ற லாரிக்காரர் வேறு எட்டிப் பார்த்துத் தொலைத்தார்.

"என்னக்கா இது?"

"எனக்குத் தெரியாதுங்க... எங்க வீட்டுக்காரரு..."

அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டையும் ரோட்டோரம் கொட்டிவிட்டு, "பாத்துப் போங்கக்கா" என்றாள்.

நாகூர் வந்தது. வண்டியை ஓரங்கட்டினாள். செல் அடித்தது. அவன்தான். ஒருவேளை அந்தப் பாட்டில்கள் பழசாக இருக்கும், அவனே மறந்திருப்பான் என்று கடைசியாக ஒரு ஆசை.

"எங்க இருக்கே? செக் போஸ்ட் தாண்டிட்டியா?"

சாப்பிட்டியா என்றில்லை. பத்திரமா என்றில்லை. பாவி, அதைத்தான் கேட்டான்!

"தாண்டிட்டேங்க" என்று சொல்லி போனை அணைத்தாள்.

வேளாங்கண்ணி கோயிலுக்குத் திரும்பும் அலங்கார வளைவு வந்தது. பிறந்ததிலிருந்து அந்த வளைவைத் தாண்டித் தெற்கே ஒரு அடி போனதில்லை. இங்கே திரும்பி மாதா முன்னால் எதற்கு நன்றி சொல்வது? நடக்காத ஒன்றுக்கா? கொக்கியில் மெழுகுவர்த்திப் பை ஆடியது. "கோச்சுக்காதம்மா" என்று வாய்விட்டுச் சொல்லி, வேதாரண்யம் ரோட்டில் நேராகவே போனாள். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.