காருக்குப் போன படகு பிளக்கு

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனுக்கு, பேரச் சொல்லிச் சாமான் கேக்குறவரால ஒரு தொந்தரவும் இல்ல. பழசைத் துணியில சுத்திக் கொண்டாந்து "இது மாதிரி ஒண்ணு குடுங்க"ங்கிறவரைப் பாத்தாத்தான் பாதி நாளு அலைச்சல். கவுண்டருக்குப் பின்னால நின்னே காலந்தள்ளுற என் கூட்டாளிகளுக்கு இது நல்லாத் தெரியும். ராமநாதபுரத்துல கடை போட்டதுலருந்து எத்தனையோ துணி மூட்டையப் பிரிச்சிருக்கேன். போன வருசம் வந்த மூட்டை மாதிரி ஒண்ணும் என்னை அசர வச்சதில்ல.

லாரி வர்ற வெள்ளிக்கெழம

ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கமிருந்து செல்வராணின்னு ஒரு அம்மா. நாப்பது வயசிருக்கும், சொந்த வயல்ல நின்னு வெவசாயம் பாக்குறவங்க. துணியப் பிரிச்சா நாலு ஸ்பார்க் பிளக்கு. வெள்ளைப் பீங்கான் விரிஞ்சு, நுனி தேஞ்சு, துருப்பிடிச்சுக் கெடக்கு. எந்த வண்டிம்மான்னா, நான் பொறக்குறதுக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்த காரு. அவங்களப் பெத்த அய்யா வாங்குனது. இந்த அம்மா ஸ்டியரிங் பிடிச்சுப் பழகுனதும் அதுலதான்.

அய்யா தவறிட்டாரு, அண்ணனும் தங்கச்சியும் பாகம் பிரிக்கிறாங்க. வீடு, வயலு எல்லாம் பேசி முடிஞ்சு காருல வந்து நிக்கிது. புது பேட்டரி வாங்கியாச்சு, மத்த வேலையெல்லாம் பாத்தாச்சு. பிளக்குதான் எங்கயும் கெடைக்கல. "அண்ணன் சொல்லிட்டாக, 'வெள்ளிக்கெழம பழைய இரும்புக்கடை லாரி வரும், அதுக்குள்ள ஓடுனா நீ எடுத்துக்க, இல்லைன்னா எடைக்குத்தான்'னு. நீங்களும் இல்லைன்னு சொல்லிராதீகண்ணே."

ஒரு நெல்லு நீளம்

என் கடையில பிளக்குக்கா பஞ்சம்? திருகு மரையப் பாத்து நாலு எடுத்து வச்சேன். பாக்கெட்டுல போடப்போற நேரம் பக்கத்துப் பட்டறை ஜபருல்லா பாய் டீ கிளாஸோட வந்து கையப் பிடிச்சுட்டாரு. எஞ்சின் பிரிச்சுப் பிரிச்சே தாடி நரைச்ச மனுசன். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சாரு. மரை கனம் ஒண்ணுதான், ஆனா புதுசுல மரை ஒரு நெல்லு நீளம் கூட இருக்கு. இப்ப வர்ற எஞ்சினுக்கு அந்த நீளம் வேணும், பழைய எஞ்சினுக்கு ஆகாது.

"வாஷர் ரெண்டு போட்டு ஒசத்திக்கலாமே பாய்"னு சமாளிச்சேன். நம்ம தொழில்ல இதச் சொல்லாதவன் எவன்? பாய் டீயக் கீழ வச்சுட்டாரு. "இது உள்ள எறங்குனா பிஸ்டன் மண்டையில போய் முட்டும் மாப்ள. லாரிக்காரன் வெள்ளிக்கெழம வரைக்கும் காத்துக்கெடக்க வேணாம், நாளைக்கே வந்துரலாம்."

அரிசி டப்பா

பரமக்குடியில ஒரு பழைய சாமான் கடை விடாம அலைஞ்சேன். மதுரைக்கும் போன் போட்டுப் பாத்தேன். கையத்தான் விரிச்சாங்க. சோர்ந்து போய்க் கடையில ஒக்காந்திருக்கையில, பைக்குக்கு டியூப் வாங்க அந்தோணி வந்தாரு. ராமேஸ்வரம் பக்கம் அக்காள்மடத்துல நாட்டுப்படகு வச்சிருக்கவரு. மேசையில கெடந்த பழைய பிளக்க உருட்டிப் பாத்துட்டு, "எங்க படகு எஞ்சின் பிளக்கும் இந்த ஒசரந்தாண்ணே"ன்னாரு. பாயும் நானும் அப்படியே அவரோட கெளம்பிட்டோம்.

வீட்டுல ஒரு பிளாஸ்டிக் டப்பாவத் தெறந்தாரு. உள்ள பச்சரிசி. அரிசிக்குள்ள கையவிட்டு நாலு புதுப் பிளக்க எடுக்குறாரு! உப்புக்காத்து ஈரம் ஏறாம இருக்க அப்பிடிப் பொதச்சு வச்சிருக்காரு. பாய் மரையப் பாத்தாரு, நீளம் பாத்தாரு, சூடு தாங்குற நம்பரப் பாத்தாரு, சரிதான்னு தலையாட்டுனாரு. அவருகிட்ட மாத்துப் பிளக்குன்னு இருந்ததே அந்த நாலுதான், ராமேஸ்வரத்துக் கடையிலயும் அப்ப ஸ்டாக் இல்ல. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா என்ன செய்வீங்கன்னேன். "காத்து பலமா இருக்கு, திங்கக்கெழம வரைக்கும் படகு எறக்க மாட்டோம். அதுக்குள்ள எங்கயாச்சும் வாங்கிக் குடுத்துருங்க. எடைக்குப் போன காரு திரும்பி வருமாண்ணே?"

வெள்ளையில வச்ச பொட்டு

வியாழக்கெழம சாயந்தரமே பாய் ஆர்.எஸ்.மங்கலம் போய்ப் பிளக்க மாட்டிட்டாரு. பேட்டரி சார்ஜுல கெடந்ததால ஸ்டார்ட் பண்ணிப் பாக்கல. வெள்ளிக்கெழம காலையில நானும் போனேன். லாரி வாசல்லயே நிக்கிது. செல்வராணி சாவியத் திருப்புனாங்க. எஞ்சின் சுத்துது, இருமுது, ரெண்டு வெடி வெடிச்சு அடங்கிப்போச்சு. மறுபடியும் அதே கததான். அந்த அம்மா ஸ்டியரிங்ல நெத்திய வச்சுட்டாங்க.

பாய் பேனட்டத் தூக்குனாரு. நாலு பிளக்குலயும், வெள்ளைப் பீங்கான் மேல, ஈரம் காயாத சந்தனம், நடுவுல குங்குமம். மேலருந்து கீழ இரும்பு வரைக்கும் வழிஞ்சிருக்கு. அந்த ஈரத்து வழியாவே கரண்டு இரும்புக்கு எறங்கிருது, உள்ள பொறி விழல. யாரு வச்சதுன்னு பாய் கேட்டாரு. லாரிக்குப் பக்கத்துல நின்ன அண்ணன் மெதுவா வந்து, "விடியக்காலம் நாந்தான் வச்சேன். எந்தப் புதுச் சாமான் மாட்டுனாலும் சந்தனம் வைக்காம அய்யா சாவி போட விடமாட்டாக. வெள்ளையில வச்சா நல்லாத் தெரியும்னு வச்சேன்"ன்னாரு. "ஓடக்கூடாதுன்னுதானே வச்சீக?"ன்னு தங்கச்சி கேட்டுருச்சு. அண்ணன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து, நாலையும் அவரே ஈரம் போகத் தொடச்சாரு.

அடுத்த திருப்புல எஞ்சின் பிடிச்சிருச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு லாரிக்காரரே செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு. நான் இத்தன வருசமாப் பிளக்கு விக்கிறேன், அது ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். செல்வராணி எறங்கல, எட்டி அந்தப் பக்கத்துக் கதவத் தெறந்துவிட்டாங்க. அண்ணன் கதவப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. "எடைக்குப் போடச் சொன்னது வாயிதான் தாயி, மனசு இல்ல. அய்யா இல்லாம இது சும்மா கெடக்குறதப் பாக்க முடியல எனக்கு."

அந்தோணிக்குச் சொன்ன திங்கக்கெழமைக்குள்ள நாலு புதுப் பிளக்கு வாங்கிக் குடுத்துட்டேன். அந்த வெள்ளிக்கெழமையிலருந்து எங்க கடையில யாரு பிளக்கு வாங்குனாலும், "பொட்டு வைக்கிறதா இருந்தா இரும்புல வைங்க, வெள்ளையில வேணாம்"னு சொல்லித்தான் குடுக்கிறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல.