பூசை ரசமும் பிரியாணி தேக்சாவும்

1927 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டரை மணி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பாலாற்று மணலிலிருந்து அனல் காற்று அடித்தது. ஆம்பூருக்கு வெளியே, ஞானப்பிரகாசம் குடும்பத்தார் திராட்சை ரசம் தயாரிக்கும் கொட்டகையில், தொட்டிக்குள் விட்ட தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு டிகிரி பாரன்ஹீட். நூற்றைத் தாண்டினால் நொதிப்பு நின்றுவிடும். பாதி இனிப்போடு நிற்கிற சாறு அப்புறம் காடியாகத்தான் போகும்.

நான் அங்கே கணக்குப்பிள்ளை. தெர்மாமீட்டர் பார்ப்பது என் வேலை அல்ல. மற்றவர்கள் பார்த்துச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது, அதனால் நானே பார்ப்பேன்.

தொட்டியில் இருந்தது இருநூறு காலன் சாறு. முதலாளியின் பாட்டனார் நட்ட அறுபத்திரண்டு கொடிகளின் மொத்த விளைச்சல். மாதா கோயில் பூசைக்குப் போகிற ரசம். அதில் திராட்சையைத் தவிர எதுவும் சேரக் கூடாது. வெல்லம் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. வருஷா வருஷம் முதலாளி பங்குச் சாமியார் முன்னால் அப்படிச் சத்தியம் செய்த பிறகுதான் பீப்பாய்கள் வண்டியேறும்.

முந்தின நாளே ஈரச் சாக்கு சுற்றிப் பார்த்தோம், பலனில்லை. அன்றே தந்தி அடித்துச் சென்னையிலிருந்து ஐஸ் வரவழைத்தார் முதலாளி; அது இப்போதுதான் ரயிலில் வந்தது. ஆறு மணங்கு அனுப்பியிருந்தார்கள். பொதிந்திருந்த உமியைத் தட்டிவிட்டு நிறுத்தேன், நாலுதான் இருந்தது.

முதலாளியின் தம்பி மரியதாஸ் ஒரு பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

"சின்ன முதலாளி, என்ன செய்றீங்க?"

"உள்ள போடப் போறேன். வேற எங்க வெக்கிறது, உன் தலையிலயா?"

"கரைஞ்சா தண்ணிங்க அது."

"யாருக்குத் தெரியப் போவுது?"

கீழே நின்ற முதலாளி சொன்னார்: "சத்தியம் பண்றவன் நான்டா. எறங்கு."

"அப்ப ஐஸை வேடிக்கை பாத்துக்கினு நில்லுங்க."

ஐஸைப் பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தைத் தொட்டிக்குள் மிதக்கவிடலாம் என்றேன். குடத்து வாயில் பாளம் நுழையாது. ஈயம் பூசாத செம்பு என்றால் சாறு களிம்பேறிவிடும். அகன்ற வாயும் நல்ல ஈயப்பூச்சும் உள்ள பெரிய பாத்திரம் ஆம்பூரில் ஒன்றுதான் உண்டு: பிரியாணி தேக்சா. பக்கத்துத் தோல் ஷெட் முதலாளி காதர் சாயபுக்கு ஊருக்குள் வீடு; வெள்ளிக்கிழமை அங்கே கல்யாணம். புதிதாக ஈயம் பூசிய தேக்சா அவர் முற்றத்தில் இருந்தது.

"இன்னா கணக்குப்பிள்ளை, வெள்ளிக்கெழம பிரியாணிக்கு இன்னிக்கே வந்துட்டீங்களா?" என்றார் சாயபு. தேக்சா வேண்டும் என்றேன். "எடுத்துக்கினு போங்க, ராத்திரிக்குள்ள வந்துடணும்."

எதற்கென்று அவர் கேட்கவில்லை. ஆட்கள் இருவர் தூக்கியும் விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சாயபு, இதை ரசத் தொட்டிக்குள்ள எறக்கப் போறோம்."

ஆட்கள் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏன்யா சொன்னீங்க? சொல்லாம போயிருந்தா எனக்குப் பேஜாரே இல்ல."

"வெள்ளிக்கெழம அதுல உங்க வீட்டு விருந்து வேவும். அதான் சொன்னேன்."

தாடியைத் தடவினார். "அதுல எறங்கினது அப்புறம் என் அடுப்புல ஏறாது. இரவல் குடுக்க முடியாது. வேணும்னா வாங்கிக்குங்க. நான் வாங்கின வெலை முப்பத்தோரு ரூபா எட்டணா. கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம். உங்க சாமான்ல நீங்க இன்னா பண்ணாலும் நான் கேக்கமாட்டேன்."

என் சம்பளம் இருபத்திரண்டு ரூபாய். கொட்டகைக்குப் போய் உத்தரவு வாங்கி வர நேரமில்லை. என் வீடு அடுத்த தெருவில்தான்; கூரை ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். வண்டிக்கு ஆறணா.

தேக்சா கொட்டகைக்கு வந்தபோது தொண்ணூற்றொன்பதரை. ஐஸை உடைத்து நிரப்பி, மூடி போட்டு, கயிற்றில் இறக்கினோம். கழுத்து வரை முழுகி மிதந்தது. மரியதாஸ் மூங்கிலால் அதைத் தொட்டி முழுக்க ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குத் தொண்ணூற்று மூன்று. காதை வைத்துக் கேட்டேன். நுரை ஓயாமல் பொரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் செலவைச் சொன்னேன்.

"ஐஸுக்குத்தான் உத்தரவு குடுத்தேன். தேக்சா வாங்கச் சொன்னேனா? இரவல் வாங்கியிருக்கலாமே," என்றார் முதலாளி.

"எதுக்குன்னு சொன்னேன். அதனால இரவல் தரலை."

"நீ ஏன் சொன்னே?"

தேக்சாவுக்கும் வண்டிக்கும் கொட்டகையிலிருந்து காசு வரவில்லை; தேக்சாவை என் வீட்டுக்கே கொண்டுபோனேன். ஜூன் மாதம் அவர் சாமியார் முன்னால் வழக்கம்போலச் சத்தியம் செய்தார். அது உண்மையான சத்தியம். பீப்பாய்கள் போயின.

தேக்சா என் வீட்டில் அரை அறையை அடைத்துக்கொண்டது. "இதுல யாருக்கு ஆக்கிப் போடறது, ஆம்பூருக்கேவா?" என்றாள் மனைவி. ஐப்பசி மழையில் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுக்குக்கு அடியில் வைக்க மட்டும் தேக்சா உதவியது. பிறகு பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டேன், பதினாலு ரூபாய்.

கணக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிறர் பொருளைக் கேட்கும்போது எதற்கென்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், முதலாளிக்காகச் செலவு செய்யுமுன் உத்தரவை எழுதி வாங்குங்கள். நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை. வண்டிக்கூலி சேர்த்து எனக்கு நஷ்டமாக நின்றது பதினேழு ரூபாய் பதினாலு அணா.