கோடையில் பார்த்த ஆற்றோர வீடு

மகனுக்கு அப்போது இரண்டு வயது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்து ஏறப் பழகியிருந்தான். விழுந்துவிடுவானோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கணவரை நச்சரித்துக் குன்றத்தூர்ப் பக்கம், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும் வழியில், ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தேன். அது மே மாதம். ஆறு இருந்த இடத்தில் சீமைக்கருவேலமும் காய்ந்த சேறும்தான் தெரிந்தன.

நான் வரலாறு படித்தவள். அடையாறு எனக்குப் புத்தகத்து ஆறு. அது கடலில் சேரும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சிறுபடை தண்ணீரில் இறங்கிக் கடந்து, ஆற்காட்டு நவாபின் பெரும்படையை விரட்டியது. இதைத் தேர்வில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆறு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் சாவி வாங்குவதாக இருந்தோம். தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா என்னை நிறுத்தினார்.

"இன்னாம்மா, கீழ் ஊட்டுக்கா வர்றீங்க?"

"ஆமாக்கா. புதுசா பெயிண்ட்கூட அடிச்சிருக்காங்க."

"இடுப்பு வரைக்கும்தானே அடிச்சிகீறான்? மேல ஏன் அடிக்கலன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. குழந்தையின் கைக்கறை படும் உயரம், நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏரிய தொறந்தா தண்ணி அம்மாம் உசரம் நிக்கும். வெயில்ல வந்து ஊடு பாத்தா ஆறு எப்டி தெரியும்? நாங்கல்லாம் ஐப்பசி, கார்த்திகைலதான் ஊடு பாப்போம்."

"நீங்களும் இங்கதானே இருக்கீங்க?"

"நா மாடில கீறேன்" என்று சிரித்தார்.

வீடு வேண்டாம் என்றோம். பால்கனிக்கு வலை அடித்தோம். அந்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பேருந்தில் அந்தப் பக்கம் போனபோது, நாங்கள் விட்ட வீட்டின் ஜன்னலில் சின்னச் சின்னக் கவுன்கள் காய்ந்தன. இறங்கிச் சொல்லலாமா, நமக்கெதற்கு என்று யோசிப்பதற்குள் நிறுத்தம் தாண்டிவிட்டது. அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. மறுநாள் போய்க் கதவைத் தட்டினேன். என் வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். பெயிண்டைக் காட்டிச் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "மாமியாரால மாடி ஏற முடியாது. எங்க போறது?"

அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தாள்.