தலைவர் இல்லாத பாட்டுக் கூட்டம்

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்த இடுப்பு வலி இன்னும் விடவில்லை. அதற்குள் கடலூர் முதுநகரில், வலை பின்னும் கூடத்து வாசலில் என்னை உட்காரவைத்து, மடிக்கச் சொல்லி ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்துவிட்டாள் பேத்தி. அவளோடு சேர்த்து ஏழு பேர் கொண்ட பாட்டுக் கூட்டம்; அதில் அவள் டிரம்ஸ் அடிக்கிறாள். பங்க் என்று ஏதோ கத்திப் பாடுகிற வெளிநாட்டுப் பாட்டாம். ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆணி அடித்ததுகூட அவர்களேதான். வந்தவர் யாரானாலும் இந்தக் கூட்டத்தில் ஒரு வேலை உண்டு. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, மடிக்க நன்றாகவே தெரியும்.

நான்கு மணிக்குக் கூடத்துக்குள் பாட்டு. தெருவே வந்து நிற்கிறது, கதவோ பூட்டியிருக்கிறது. கூடத்துச் சாவிக்காரர் கையெழுத்து நோட்டை நீட்டுகிறார்.

"உங்கள்ல தலைவர் யாரு? அவரு கையெழுத்துப் போட்டாத்தான் சாவி."

"எங்கள்ல தலைவரே கெடையாது மாமா," என்கிறாள் பேத்தி.

"ஏதாவது ஒடைஞ்சா யாரைப் புடிக்கிறது?"

"ஏழு பேரையும் புடிங்க."

"எனக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு!"

தெரு சிரிக்கிறது. பாட்டே நின்றாலும் ஒருவரை மட்டும் தலைவராகக் கையெழுத்துப் போட விடமாட்டார்களாம். நான் எழுந்துபோய் மை தொட்டுக் கைநாட்டு வைக்கிறேன்.

"ஆயா, நீதான் தலைவரா?" என்கிறார் சாவிக்காரர்.

"நான் தாள் மடிக்கிறவ. பக்கத்துல எடம் கெடக்கு பாரு, அவுங்களும் வைக்கட்டும்."

காலேஜ் படித்த ஏழு பேரும் சுற்றிலும் கைநாட்டு வைக்கிறார்கள். சாவிக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுல யாரு யாருன்னே தெரியலியே!" என்று சிரித்தபடி கதவைத் திறக்கிறார்.

பேத்தி அவர் கையில் ஒரு பாயைக் கொடுக்கிறாள்.

"வந்துட்டீங்கல்ல மாமா, விரிங்க."

விரிக்கிறார்.