கூரை ஒழுகும் காருக்கு என்ன விலை?

பழைய கார் தரகில் வாங்குகிறவன் வண்டியைப் பார்க்கிறான், விற்கிறவன் வாங்குகிறவனின் சட்டைப்பையைப் பார்க்கிறான், தரகன் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கிறான். பழைய வண்டியை வாங்கிவிட்டு விழித்தவர்களுக்கும் விற்றுவிட்டு விழித்தவர்களுக்கும் இது நன்றாகப் புரியும். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் தென்காசியில் எனக்கு இதுதான் தொழில். விலை பேசுவதில் என்னை அசைக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்தச் சிவப்பு டூ-சீட்டர் கதையைக் கேளுங்கள்.

விடியற்காலை வெயில்

ராயகிரிப் பக்கம் ஒரு பண்ணையார் மகன் அதை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டே ஸீட், நீளமான மூக்கு, தலைக்கு மேல் துணிக் கூரை. பார்த்தவுடன் ஆசை வந்துவிட்டது. ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பதால் கொட்டாவி விட்டேன்.

எங்கள் தொழிலில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும்போது கிளம்பாத வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுவார்கள். அதற்காகவே இருட்டோடு கிளம்பிப் போயிருந்தேன். தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. "என்ன தம்பி, இப்படிச் சுடுது?" என்றேன். "வெயில்லே நிக்கில்லா" என்றார். கிழக்கே இன்னும் வெளுக்கவே இல்லை. வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைத்தேன். அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

"அது நேத்தைய வெயில் அண்ணாச்சி!"

எண்ணெய்க்காரர்

அறுநூறு கொடுத்து வாங்கி, டயருக்கும் ரிப்பேருக்கும் நூறு செலவழித்தேன். இதற்காக என் மனைவி செல்லம்மாளின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிருந்தது. அவள் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள். அதுதான் என்னைச் சுட்டது. சாரல் சீசன் முடிந்தால் பணக்காரர்கள் குற்றாலத்தைக் காலி செய்துவிடுவார்கள். அதற்குள் வண்டி போகவேண்டும். எண்ணூறுக்குக் குறைந்தால் எனக்குக் கட்டாது. எட்டுக்கு மேல் விற்றால், வாங்கியவர் அடுத்த சாரலுக்கு வந்து என்னைத் தேடுவார். ஆகவே எட்டுதான் நியாயம் என்று முடிவு கட்டினேன்.

முதலில் வந்தவர் மதுரைக்காரர், ஜவுளி வியாபாரி. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற வழியில் காரைப் பார்த்துவிட்டார். "ஐந்தருவி வரைக்கும் ஓட்டிக் காட்டும்" என்று அப்படியே ஏறி உட்கார்ந்தார். தோல் ஸீட். முதல் வளைவில் என் மடிமேல் வந்து விழுந்தார். அடுத்த வளைவில் கதவோடு போய் ஒட்டிக்கொண்டார். அதற்கு அடுத்ததில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஐந்தருவியில் இறங்கியதும், என் வேட்டியில் இருந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கறாராகக் கேட்டார்:

"ஆளை உக்காரவிடாத ஸீட்டுக்கு முழு விலை கேக்குறீரே, நியாயமா தரகரே?"

வக்கீலும் வீட்டம்மாளும்

பிறகு திருநெல்வேலி வக்கீல் ஒருவர் மனைவியோடு வந்தார். கூரை ஒழுகுமா என்று குறுக்கு விசாரணை செய்தார். ஒழுகும் என்றேன். குறையை நானே முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். அவர்கள் கண்டுபிடித்தால்தான் விலை குறையும்.

"குற்றாலத்துக்கு வருவதே நனையத்தானே ஐயா? இந்தக் காரில் அருவிக்குப் போகிற வழியிலேயே நனையலாம்" என்றேன். வக்கீல் சிரித்துவிட்டார். சிரித்த கட்சிக்காரர் பாதி விலைக்குச் சம்மதித்த மாதிரி. மீதிப் பாதியை நான் எடுப்பதற்குள் அந்தம்மாள் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்:

"நனையுததுக்கு அருவியிலே யாரும் காசு கேக்கலியே!"

துண்டுக்கு அடியில்

சாரல் ஓயப்போகிற நேரத்தில் அச்சன்புதூர் சம்சாரி ஒருவர், அண்ணனும் மச்சானும் கூட வர, என் வாசலுக்கு வந்தார். வயலும் மாடும் நிறைய உள்ளவர். மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரி என்னை ஓட்டச்சொல்லி, காரின் பின்னாலேயே நடந்து பார்த்தார். காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும், மழைக்கு ஒழுகும் என்று இரண்டையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தோள்துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

மாட்டுச்சந்தை வழக்கம்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது. விரலுக்கு நூறு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, இன்னொன்றைப் பிடித்தார். ஆறு. நான் ஐந்தும் மூன்றும் பிடித்தேன். அவர் ஏழுக்கு வந்தார். நான் மறுபடி எட்டு. அவர் கையை உருவிக்கொண்டார். செல்லம்மாளின் வெறும் கழுத்து ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் கையைத் துரத்திப் போகவில்லை. குறையை எல்லாம் சொல்லிவிட்டவன் எதற்கு இறங்கவேண்டும்? துண்டு போர்த்திய கையை நீட்டியபடியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக உள்ளே திரும்பி வந்தது. ஐந்து. அப்புறம் மூன்று.

பணத்தைக் கொடுத்துவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்:

"எங்க அண்ணன் கேட்டா ஆறுன்னு சொல்லும். மச்சான் கேட்டா பத்துன்னு சொல்லும், என்னவே?"

கடைசி வியாபாரம்

நேராக அடகுக்கடைக்குப் போய்ச் சங்கிலியை மீட்டு வந்து செல்லம்மாளிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். "நல்ல விலை" என்று மட்டும் சொன்னேன். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. என் தோளில் கிடந்த துண்டை உருவித் தன் கைமேல் போட்டு நீட்டினாள். ஐந்து பிடித்து, மூன்று பிடித்தேன். நான் பிடியை விடுவதற்குள் தன் நாலாவது விரலையும் என் கைக்குள் சேர்த்து ஒன்பதாக்கினாள்:

"நான் வந்து நின்னுருந்தா இதையும் வாங்கியிருப்பேன்."

விலை பேசுவதில் என்னை அசைக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அவள் சமையலறையில் இருந்தால் கொஞ்சம் மெதுவாக.